ஒன்பதாவது பாட்டில் சிக்கும் சிடி: லொரெட்டா லின்னின் ‘வான் லியர் ரோஸ்’

முதலில் விலை. நம்ம ஊரில் எதை வாங்கிக்கொண்டு வந்தாலும் “எவ்வளவுங்க?” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன்: 250 ரூபாய். கோயம்புத்தூரில் பழைய சிடி, கேசட், இசைத்தட்டு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் குவித்து வைத்து விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். டப்பா மூடியில் ஒரு விரிசல், உள்ளே இருந்திருக்க வேண்டிய புத்தகம் இல்லை, தட்டின் அடியில் யாரோ நகத்தால் கோலம் போட்டதுபோல் நாலைந்து கீறல். “ஓடுமுங்களா?” என்று கேட்டேன். “அதெல்லாம் கில்லி மாதிரி ஓடுமுங்க” என்றார் கடைக்காரர். ஓடத்தான் செய்தது, ஒன்பதாவது பாட்டின் பாதி வரைக்கும். அடுத்த வாரம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், பழைய சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கடைக்கு 2 நட்சத்திரம், அதுவும் அவர் கொடுத்த டீக்காக. சிடிக்கு எத்தனை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். 20 வருஷத்துக்கு மேல் ஆச்சு. பீஸ் டேபிளுக்கு வரும், திருப்பிப் பார்ப்பேன், தையல் விட்டிருக்கா, ஓட்டை இருக்கா, கறை இருக்கா, பிசிர் வெட்டியிருக்கா என்று பார்த்து நல்லதை இந்தப் பக்கம், செகண்ட்ஸை அந்தப் பக்கம் தள்ளுவேன். இதைச் சொல்லக் காரணம், இந்தத் தொழில் புத்தி பாட்டுக் கேட்கும்போதும் போகமாட்டேன் என்கிறது. இப்போது வருகிற பாட்டுகளில் முக்கால்வாசி எனக்கு அயர்ன் பண்ணி, மடித்து, பாலிதீன் கவரில் போட்டு ஒட்டின பீஸ் மாதிரிதான் கேட்கும். ஒரு மடிப்பு கிடையாது, ஒரு நூல் வெளியே தெரியாது, போட்டிருக்கிற ஆளும் தெரியமாட்டார். இந்த சிடியில் பிசிரே வெட்டவில்லை. வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

பாடினவர் லொரெட்டா லின். அமெரிக்கக் ‘கன்ட்ரி’ பாட்டுக்காரி. கன்ட்ரி என்றதும் தொப்பி, குதிரை, பூட்ஸ் என்று நினைத்துக்கொள்வோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதன் அடிமண் மலைக்காட்டு ஜனங்கள், தோட்டங்காட்டு ஜனங்கள், சுரங்கத்துக்குப் போகிறவர்கள் பாடின கதைப்பாட்டு. நம்ம பக்கம் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர் ராத்திரி முழுக்கச் சொல்வதை, இவர்கள் 3 நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள், அதுவும் ராஜா கதை அல்ல, பக்கத்து வீட்டுக் கதை. புருஷன் குடித்துவிட்டு வந்தான், வாடகை கட்டவில்லை, இன்னொருத்தி வந்தாள், அப்பன் செத்தான். இவ்வளவுதான் சங்கதி. இதை யார் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதில்தான் ஒருவர் நிற்பதும் விழுவதும்.

சரி, இந்த அம்மாள் யார் என்று சொல்லாமல் சிடியைப் பற்றிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் 13 பாட்டில் பலதும் அவர் வாழ்க்கையைச் சுற்றியேதான் போகிறது. 1932 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்து மலைக்குள் புட்சர் ஹாலோ என்கிற இடத்தில் பிறந்தவர். இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கிற ஒரு பள்ளம், அதில் சில மர வீடுகள். 8 பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா பெயர் டெட் வெப், அவருக்குப் பக்கத்திலேயே வான் லியர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சிடியின் பெயரில் இருக்கிற வான் லியர் அதுதான், சுரங்கக் கம்பெனி கட்டின ஊர். வீட்டுச் சுவரில் குளிர்காற்று உள்ளே வராமல் இருக்க அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிவைப்பாராம், அதில் இருந்த ஒரு சினிமா நடிகையின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டு அட்டாலியில் என் சின்ன வயசில் விரித்திருந்த பேப்பரில் ஒரு நடிகை படம் வருஷக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு சிரித்துக்கொண்டே இருக்கும். நல்லவேளை, என் தங்கைக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

15 வயசில் கல்யாணம். மாப்பிள்ளை ஆலிவர் லின், ஊரில் டூலிட்டில் என்பார்கள், டூ என்றும் கூப்பிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 13 வயசில் கல்யாணம் ஆனது என்றுதான் அவர் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார், உலகமும் அதையே எழுதிக்கொண்டிருந்தது. 2012ல் பழைய பதிவுகளை யாரோ தோண்டியெடுத்துப் பார்த்தால் 15 முடிந்திருக்கிறது, வயசைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறார். நம்ம ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பார்த்து எழுதினதுதான் பிறந்த தேதி, என் அம்மாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு வயசு, ஆதாரில் ஒரு வயசு. அதனால் இந்த விஷயத்தில் நான் அந்த அம்மாளைக் குறை சொல்லப்போவதில்லை.

கல்யாணமான கையோடு வயிற்றில் பிள்ளையோடு நாட்டின் அந்தக் கோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்தில் கஸ்டர் என்கிற ஊருக்குப் போனார்கள், புருஷனுக்குக் காட்டு வேலை, தோட்ட வேலை. அடுத்தடுத்து 4 பிள்ளைகள், அப்புறம் ரொம்ப வருஷம் கழித்து இரட்டைப் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவே இவர் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கேட்டு, 17 டாலரில் ஒரு கிடாரை வாங்கிக் கொடுத்தது அந்தப் புருஷன்தான். நாமளும் பாடலாம் என்று இவருக்கே தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. இதே ஆள் குடிப்பார், வேறு பெண்களிடம் போவார், கையையும் ஓங்குவார், இவர் திருப்பி அடிப்பார். அவர் ஒன்று கொடுத்தால் நான் இரண்டு கொடுப்பேன் என்று லொரெட்டாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்படியே ஒரே வீட்டில் 48 வருஷம், 1996ல் அவர் சாகும் வரைக்கும். நல்ல புருஷனா கெட்ட புருஷனா என்று தராசில் வைத்துப் பார்த்தால் முள் நிற்காது. எங்கள் வளவில் இப்படி ஒன்றிரண்டு ஜோடியை நானே பார்த்திருக்கிறேன், ஊரே சமாதானம் பேசி அலுத்துப்போய் விட்டுவிட்ட ஜோடிகள்.

1960ல் முதல் இசைத்தட்டு. ஊர் ஊராகக் காரில் போய், வழியில் எந்த வானொலி நிலையம் தெரிந்தாலும் இறங்கி, இதைப் போடுங்க என்று கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். தங்குவதற்குக் காசில்லை, காரிலேயே தூக்கம். கேன்வாஸ் என்று நாங்கள் சொல்கிறோமே, அதுதான். அந்த வருஷமே பாட்டு கன்ட்ரி வரிசையில் 14வது இடத்துக்கு வந்தது, கன்ட்ரி பாட்டுக்கே தலைநகரமான நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையும் கிடைத்தது. கன்ட்ரி பாட்டுக்காரர்களுக்கு அந்த மேடை ஏறுவது கோயிலில் முதல் மரியாதை வாங்குவதுபோல. அங்கே தோளோடு தோள் நின்றவர் பாட்ஸி கிளைன் என்கிற பாடகி. துணி கொடுத்து, மேடையில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் 1963 மார்ச்சில் விமான விபத்தில் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த பாட்டுகளைத் தலைப்பைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று ஒன்று, 1967ல் இவருக்கு முதல் நம்பர் ஒன் அதுதான். என் புருஷனிடம் வந்தாயானால் குத்து விழும் என்று இன்னொருத்திக்கு ஒன்று. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைப் பற்றி 1975ல் ஒன்று வந்தது, வருஷா வருஷம் பிள்ளை பெற்று ஓய்ந்துபோன பெண் இனி முடியாது என்கிற பாட்டு, பல வானொலி நிலையங்கள் அதைப் போடவே மாட்டோம் என்று சொல்லிவிட்டன. பாட்டு அப்படியும் விற்றது. 1972ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘அந்த ஆண்டின் கலைஞர்’ விருதை வாங்கிய முதல் பெண் இவர்தான். பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு 1970ல் வந்தது, சுரங்கத் தொழிலாளி மகள் நான் என்று சொல்கிற பாட்டு. நிறைய சரணம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி ரொம்ப நீளமாக இருக்கிறது என்று சிலதை வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டின சரணங்களை நினைத்து இவருக்குக் கடைசி வரை வெசனம்.

அந்த அப்பா 1959லேயே போய்விட்டார். நெஞ்சில் கரித்தூசி கட்டின நோயும் இருந்தது. மகள் முதல் இசைத்தட்டு போடுவதற்கு முந்தின வருஷம். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் புளோரூமில் இருந்தவர். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம், மில்லிலேயே தூசி அதிகம் பறக்கிற இடம். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்தால் மூச்சு இழுக்கும், வாரக் கடைசிக்கு ஒரு மாதிரி பழகிப்போகும், ஞாயிறு லீவு, மறுபடி திங்கள் அதே கதை. அது பஞ்சுத் தூசி செய்கிற வேலை என்று பின்னாளில் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

இந்த சிடி வந்தது 2004 ஏப்ரலில், லொரெட்டாவுக்கு 72 வயசு முடிந்த மாதம். தயாரித்தவர் ஜாக் வைட் என்கிற பையன், அப்போது 28 வயசு, ராக் பாட்டு ஆள், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்று கிடாரும் டிரம்மும் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டே பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்த கோஷ்டி. 2001ல் தங்கள் ஆல்பம் ஒன்றை இந்த அம்மாளுக்குச் சமர்ப்பணம் என்று போட்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு லொரெட்டா அவர்களை டென்னசி மாநிலத்தில் தன் பண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு, கோழியும் மாவு உருண்டையும் போட்டுத் தன் கையால் சமைத்துப் போட்டிருக்கிறார். நம்ம பக்கத்து ஆத்தாவாக இருந்தால் நாட்டுக்கோழி அடித்து, அரிசிம்பருப்பு சோறு ஆக்கி, ‘எலும்பா இருக்கறயே கண்ணு, இன்னும் ரண்டு கை போட்டுக்கோ’ என்று சொல்லியிருக்கும். அப்படிப் பழக்கம் ஆகி, நாஷ்வில்லில் ஒரு வீட்டுக்குள் வைத்து எட்டே தடங்களில் குரலையும் வாத்தியத்தையும் பிடிக்கிற ‘எட்டு டிராக்’ மெஷினில் பதிவு செய்தார்கள். 13 பாட்டும் லொரெட்டா எழுதினது, ‘லிட்டில் ரெட் ஷூஸ்’ ஒன்றில் மட்டும் ஜாக் வைட் பெயரும் சேர்ந்திருக்கிறது.  மறு வருஷம் இதற்கு இரண்டு கிராமி.

எனக்கு அந்த விருதெல்லாம் வாங்கின பிறகுதான் தெரியும். வாங்கினது அட்டையைப் பார்த்து. நீளக் கவுன் போட்ட ஒரு அம்மாள், கையில் கிடார், ஏதோ தேர்நோம்பிக்குக் கிளம்பினது மாதிரி. நம்ம அம்மா வயசு அம்மாள் ஒன்று கிடார் வைத்துக்கொண்டு நிற்கிறதே, என்னதான் பாடுகிறது பார்ப்போம் என்று எடுத்தேன்.

என் கார் 2011 மாடல், அதில் இன்னும் சிடி ஓடும். மாசம் ஒரு தடவை அம்மாவைத் தாராபுரத்தில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவேன். திருப்பூர் நெரிசலைத் தாண்டி, அவிநாசிபாளையம் பக்கம் வரும்போது போட்டால் குண்டடம் தாண்டி, காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றுகிற வெட்டவெளிக்குப் போவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும், மொத்தமே 40 நிமிஷத்துக்குள்தான். இந்தப் பாட்டுக்கு அந்த ரோடு ரொம்பப் பொருத்தம். மழை பெய்யாத சோளக்காடு, வேலி ஓரம் பனைமரம், தூரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு ஆள். நகரத்துக்குள் டிராபிக்கில் போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

முதல் தடவை போட்டதும் அம்மா கேட்டது: “ஆருங்கண்ணு இது? தொண்டை வெண்கலமாட்டம் இருக்குது.”

“அமெரிக்காக்காரிங்கம்மா. 72 வயசுல பாடுனது.”

“எனக்கு 74. நானுந்தான் பாடறேன், ஆரு சிடி போடறாங்க?”

அம்மா சொன்னது உண்மை. தறிக்குத் தார் சுற்றுகிற காலத்தில் ராட்டைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பாடும். அந்தக் குரல் இப்போதும் அப்படியே இருக்கிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நான் ஒவ்வொரு பாட்டுக்கும் கதையைச் சொல்லச் சொல்ல, அது பாட்டோடு கேட்டுக்கொண்டே வரும், நடுவில் தீர்ப்பும் சொல்லும்.

முதல் பாட்டு ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. அம்மாவின் இளவயசுப் போட்டோ ஒன்று, சுரங்கத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்த கதை, அவள் கடைசியில் போயும் போயும் ஒன்றுமில்லாத நம்ம அப்பாவைக் கட்டிக்கொண்டாள் என்று மகள் சொல்கிறாள். மெதுவாகத்தான் ஆரம்பிக்கிறது, குரல் முதல் வரியிலேயே மேலே போகிறபோது ஒரு சின்ன உடைசல். வேறு தயாரிப்பாளராக இருந்தால் மறுபடி பாடச் சொல்லி அந்த உடைசலை எடுத்திருப்பார். இங்கே விட்டிருக்கிறார்கள். இதைத்தான் பிசிர் என்றேன். சில பீஸில் பிசிரை இழுத்தால் தையலே வந்துவிடும், அதனால் தெரிந்த செக்கர் அதில் கை வைக்கமாட்டான்.

இரண்டாவது ‘போர்ட்லாண்ட், ஆரெகன்’. கிராமி வாங்கின ஜோடிப் பாட்டு. ஜாக் வைட்டும் இவரும் பாரில் உட்கார்ந்து குடித்துவிட்டு ஒரு ராத்திரியைப் பற்றிப் பாடுகிறார்கள், 72 வயசு அம்மாளும் 28 வயசுப் பையனும். முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான், கிடார் சாமி வந்தது மாதிரி ஆடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மாவிடம் மட்டும் இந்தக் கதையைக் கொஞ்சம் மாற்றித்தான் சொன்னேன்.

‘ஃபேமிலி ட்ரீ’ பாட்டு வரும்போது மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இன்னொருத்தி வீட்டு வாசலுக்கே போகிறாள். சண்டை போட வரவில்லை, உங்க அப்பனை வைத்திருக்கிறவள் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வந்தேன் என்கிறாள். கட்டவேண்டிய பில்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள், அதுதான் பாட்டிலேயே எனக்குப் பிடித்த இடம். அம்மா உடனே, “நம்ம வடக்கு வளவுல ஒருத்தி இப்புடித்தான் பண்ணுனா. புள்ளைகளை அவ வூட்டுத் திண்ணைல உக்காத்தி வெச்சு, சோறு போடுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டா” என்றது. யார் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. குண்டடம் வரும் வரை அந்தக் கதைதான் ஓடியது, பாட்டு பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

‘மிஸஸ் லிராய் பிரவுன்’ இன்னொரு ரகம். புருஷனுடைய பேங்க் பணம் அத்தனையும் எடுத்து, ஒரு பிங்க் நிற நீளக் கார் பிடித்து, அவன் எவளோடோ ஆடிக்கொண்டிருக்கிற பாருக்கே போய் இறங்குகிறாள். அம்மாவுக்குப் பாஸ்புக்கு விஷயம் மட்டும் பிடிபடவில்லை, “அவன் கையெழுத்தில்லாம எப்புடிக் கண்ணு குடுத்தாங்க?” என்று கேட்டது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் செக்கிங்காரனுக்கு அழகில்லை. ‘ஹேவ் மெர்ஸி’யில் கிடாரும் டிரம்மும் சேர்ந்து அம்மாளை மிதித்துவிடுகிறது, பையன் தன் கோஷ்டி ஞாபகத்தில் வாசித்துவிட்டான் போல. ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ‘லிட்டில் ரெட் ஷூஸ்’ பாட்டே அல்ல, பேச்சு. சின்னப் பிள்ளையில் தனக்கு உடம்புக்கு முடியாமல் போனதையும் சின்னச் சிவப்புச் செருப்பையும் பற்றி இவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போக, பின்னால் வாத்தியத்தைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஐடியா நல்ல ஐடியா. ஆனால் அந்த மலைக்காட்டு இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரியவில்லை, ஐந்தாறு தடவை கேட்டு ஒப்பேற்றினேன். விசித்திரம் என்னவென்றால் அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. பாடுகிறவள் பேசினால் எப்படிப் பேசுவாள் என்று தெரிய வேண்டும், நம்ம ஒறம்பரை ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றது.

கடைசிக்கு முந்தின பாட்டு ‘மிஸ் பீயிங் மிஸஸ்’. தனிக் கிடார், தனிக் குரல், வேறு ஒன்றும் கிடையாது. புருஷன் போன பிறகு படுக்கையில் தனியாகக் கிடக்கிறவள், கல்யாண மோதிரத்தைக் கழற்றி இன்னொரு கைக்கு மாற்றிப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. 48 வருஷம் அடித்துக்கொண்ட ஆளுக்குத்தான் இந்தப் பாட்டு என்று தெரிந்து கேட்கும்போது வேறு மாதிரி இறங்குகிறது. இதற்கு நான் அம்மாவிடம் கதை சொல்லவில்லை. அம்மாவும் இதென்ன பாட்டு என்று கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு பாட்டுக்கே 250 ரூபாய் சரியாகப் போய்விட்டது.

முடிவுப் பாட்டில் தன் கதை முழுவதையும் சிரித்துக்கொண்டே ஒப்பிக்கிறார், கல்யாணம், பிள்ளைகள், தன் வாழ்க்கையை வைத்து 1980ல் எடுத்த சினிமா. படத்தில் இவராக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கரே கிடைத்தது. இந்தம்மா கேட்பது என்னவென்றால், படம் அவ்வளவு ஓடியதே, காசு எங்கே போச்சு? நம்ம ஊர் ஆள் என்று எனக்கு உறுதியானது அந்த இடத்தில்தான்.

இப்போது அந்த ஒன்பதாவது பாட்டு. ‘விமன்ஸ் பிரிசன்’. துரோகம் செய்த காதலனைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஒருத்தி பெண்கள் சிறையில் சாவுக்குக் காத்திருக்கிறாள். கதை நன்றாக ஏறிக்கொண்டே போகும், நேரம் நெருங்கும், அங்கே வந்ததும் என் சிடி க்டக் க்டக் க்டக் என்று ஒரே இடத்தில் நின்றுவிடும். பத்துக்குத் தள்ளினால் ஒழுங்காக ஓடும். மெத்துத்துணி போட்டுத் துடைத்தேன், யாரோ சொன்னார்கள் என்று பற்பசை கூடத் தடவிப் பார்த்தேன், நகரவில்லை. முதல் தடவை நின்றபோதே அம்மா கேட்டது, “அந்தப் புள்ளையக் கொன்னுபோட்டாங்களா, இல்ல உட்டுட்டாங்களா?” எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாசம் அதே இடம், அதே கேள்வி. மூன்றாவது மாசம் கோபமே வந்துவிட்டது, “காசு குடுத்து அரைக்கதை வாங்கிட்டு வந்துருக்கற பாரு.”

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் பழைய தட்டைக் கடையிலேயே ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அவசரப்பட்டால் என் கதிதான். போனிலேயே கேட்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆல்பம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கன்ட்ரி பாட்டு இதுவரை கேட்டதே இல்லை என்றால் இதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், 60களில் பாடினதைக் கேட்டுவிட்டு வா என்பார்கள். நான் இதிலிருந்துதான் ஆரம்பித்தேன், பழசை அப்புறம் தேடிப் போய்க் கேட்டேன், ஒன்றும் குடி முழுகவில்லை. பழசில் குரல் இளசு, வாத்தியம் பதமாக இருக்கும், பெடல் ஸ்டீல் கிடார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் நல்ல சரக்கு, ஆனால் அயர்ன் பண்ணின சரக்கு. சிடிக்கு என் கணக்கில் நாலரை. அரை நட்சத்திரத்தைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

லொரெட்டா 2022 அக்டோபரில் தன் பண்ணை வீட்டில் 90 வயசில் இறந்துபோனார். 2017ல் பக்கவாதம், அடுத்த வருஷம் இடுப்பெலும்பு முறிவு, அதற்கப்புறமும் 2021ல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டுத்தான் போனார், அது 50வது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “கல்யாணச் சாவு” என்றது.

போன மாசம் என் மகள், இதுக்கெதுக்கப்பா இத்தனை பாடு என்று தன் போனில் அந்த ஒன்பதாவது பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். அடுத்த தாராபுரம் பயணத்தில், சிடி அந்த இடத்துக்கு வந்து சிக்கினதும் அணைத்துவிட்டு, “அம்மா, முடிவு தெரிஞ்சுதுங்க. அவளை விடலை. சாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, பாதிரியார் மந்திரம் சொல்றார், வெளியே கூட்டம் கத்துது. அத்தனை சத்தத்துலயும் அவளுக்குக் கேக்கறது அவங்க அம்மா அழுகற சத்தம்தான்” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அவங்கம்மா அங்கயே நின்னுட்டிருந்தாளா?” என்று கேட்டது.

“ஆமாங்கம்மா.”

“செரி, பத்தாவதைப் போடு.”